பின்புறத்தில் எழுதிய பெயர் பொருந்தாதபோது: ஒரு வான்படத்திலிருந்து பழைய விமானத்தளத்தை அடையாளம் கண்ட நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படம் ஒரு கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதி. பறக்கும் விமானத்திலிருந்து ஏறக்குறைய நேர் கீழாக எடுக்கப்பட்டது. இத்தகைய படங்களின் விளிம்பில் பறப்பு எண், தேதி, உயரம், லென்சின் குவியத் தொலைவு ஆகியவை அடங்கிய தகவல் பட்டை இருக்கும்; இந்தப் பிரதியில் அது வெட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் ‘ஹாரிங்டன்’ என்று, இங்கிலாந்திலுள்ள ஒரு பழைய விமானத்தளத்தின் பெயர், பென்சிலால் எழுதியிருந்தது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், படத்தைப் பார்த்து எழுதினாரா, உறையிலிருந்த வேறொரு குறிப்பைப் பார்த்து எழுதினாரா என்பதற்கெல்லாம் எந்தத் தடயமும் இல்லை. ஆகவே அந்தப் பெயரை ஒரு சான்றாகக் கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றுகளில் ஒன்றாகவே கொண்டேன்.

படத்தில் தெரிந்தவை இவை: ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்று ஓடுதளங்கள், அவற்றைச் சூழ்ந்து செல்லும் சுற்றுப்பாதை, அந்தப் பாதையிலிருந்து கிளைக்கும் நிறுத்துதளங்கள் சில, பெரிய விமானக் கொட்டகை ஒன்று, கூரையும் சுவரும் போய் வெறும் கான்கிரீட் தரையாக எஞ்சிய வேறு சில கட்டடங்கள், ஒரு பக்கத்தில் அடர்ந்த காடு, தளத்தின் உட்பகுதியில், மற்ற எதனோடும் ஒட்டாத தோற்றத்தில் மூன்று கான்கிரீட் அமைப்புகள். விமானம் ஒன்றும் இல்லை. ஓடுதளங்களுக்கு இடையே உழவு நடந்திருந்தது.

முதலில் கண்ணைக் கவர்வது மூன்று ஓடுதளங்களின் வடிவம்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நூற்றுக்கணக்கான விமானத்தளங்கள் கட்டப்பட்டன. காற்று எந்தத் திசையில் வீசினாலும் ஏதாவது ஒரு ஓடுதளத்தில் இறங்க முடிய வேண்டும் என்பதால், மூன்று ஓடுதளங்களை ஏறத்தாழ 60 பாகைக் கோணங்களில் அமைப்பது வழக்கமாயிற்று. 1942இல் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கென்று ‘ஏ வகுப்பு’ என்ற தரம் வகுக்கப்பட்டது: முதன்மை ஓடுதளம் 2,000 கெஜம், துணை ஓடுதளங்கள் இரண்டும் 1,400 கெஜம், மூன்றின் அகலமும் 50 கெஜம், சுற்றுப்பாதையின் அகலம் 50 அடி. ஒரே கையேட்டைப் பார்த்துக் கட்டப்பட்ட தளங்கள் மேலிருந்து பார்க்கும்போது உடன்பிறப்புகளாகத்தான் தெரியும். எனவே, ஒரு வான்படத்தை இன்னொன்றின் அருகில் வைத்து ‘அப்படியே இருக்கிறது’ என்று சொல்வது எதையும் நிறுவாது. தரத்திலிருந்து விலகிய பகுதி எது, தரத்தின் மேல் பிற்காலத்தில் ஏற்றப்பட்டது எது என்ற இரண்டு கேள்விகளே ஒரு தளத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

மூன்று கான்கிரீட் அமைப்புகள்

பிற்காலத்தில் ஏற்றப்பட்டது எது என்ற கேள்விக்கு அந்த மூன்று அமைப்புகளே விடை தந்தன. ஒவ்வொன்றும் நீண்டு கிடக்கும் ஒரு கான்கிரீட் மேடை. அதன் ஒரு முனையை ஒட்டித் தடித்த தடுப்புச் சுவர்கள். போர்க்கால விமானத்தளத்தில் இப்படி ஒன்று இருக்கக் காரணமில்லை. குண்டுக் கிடங்கு என்றால் மண்கரைகள் இருந்திருக்கும். எரிபொருள் கிடங்கு என்றால் ஓடுதளங்களுக்கு நடுவே வைத்திருக்க மாட்டார்கள்.

இவை தோர் ஏவுகணையின் ஏவுதளங்கள். அமெரிக்கா உருவாக்கிய அந்த இடைத்தூர அணு ஏவுகணையை 1958 முதல் 1963 வரை பிரிட்டிஷ் விமானப்படை இயக்கியது. 65 அடி நீளமுள்ள ஏவுகணை, தண்டவாளத்தில் நகரக்கூடிய ஒரு கூடத்துக்குள் படுத்த நிலையில் வைக்கப்பட்டிருக்கும். ஏவ வேண்டிய தருணத்தில் கூடம் பின்னோக்கி விலக, ஏவுகணை நிமிர்த்தப்பட்டு, மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் நிரப்பப்படும். நீண்ட மேடை அந்தக் கூடம் ஓடுவதற்காக அமைந்தது. தடுப்புச் சுவர்கள் எரிபொருளும் ஆக்சிஜனும் வெடித்தால் தாங்குவதற்காக எழுப்பப்பட்டவை. கூடம் தகரத்தாலானது, 1963க்குப் பிறகு அகற்றப்பட்டது. கான்கிரீட்டை அகற்ற யாரும் பணம் செலவழிக்கவில்லை. படத்தில் கூடம் இல்லை, மேடையும் சுவரும் இருக்கின்றன என்பதால், படம் 1963க்குப் பிந்தியது என்பது இந்தக் கட்டத்திலேயே தெளிவாகிவிட்டது.

இங்கே குழப்பத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதே காலத்தில் அதே வட்டாரங்களில் பிளட்ஹவுண்ட் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைக்கும் நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றில் சில பழைய விமானத்தளங்களிலேயே அமைந்தன. ஆனால் பிளட்ஹவுண்டின் மேடைகள் சிறியவை. 16 மேடைகள் ஒரு கூட்டமாக நெருக்கமாக இருக்கும். தோர் நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று ஏவுதளங்கள், ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருக்கும். எண்ணிக்கையும் இடைவெளியும் தெரிந்தவருக்கு இரண்டையும் பிரிப்பது எளிது.

இந்த அடையாளத்தின் பயன் மிகப் பெரிது. மூன்று ஓடுதளங்களை வைத்துத் தேடினால் பிரிட்டனின் கிழக்குப் பாதி முழுவதையும் அலச வேண்டும். தோர் வைக்கப்பட்ட இடங்களோ இருபதுதான்: ஃபெல்ட்வெல், ஹெம்ஸ்வெல், டிரிஃபீல்டு, நார்த் லஃபன்ஹாம் ஆகிய நான்கு தலைமை நிலையங்களும், ஒவ்வொன்றின் கீழும் நான்கு துணை நிலையங்களும். நூற்றுக்கணக்கிலிருந்து இருபதுக்கு ஒரே எட்டில் இறங்கிவிடலாம். ஹாரிங்டனும் அந்த இருபதில் ஒன்று என்பதால், பென்சில் எழுத்து முற்றிலும் ஆதாரமற்ற ஊகம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியவருக்கு ஏவுதளங்கள் அடையாளம் தெரிந்திருக்கிறது.

இருபதிலிருந்து கழித்தல்

தலைமை நிலையங்கள் நான்கும் முதலில் விலகின. போருக்கு முன்பும் போரின் தொடக்கத்திலும் நிரந்தர நிலையங்களாகத் திட்டமிடப்பட்ட அவற்றில் செங்கல் கட்டடங்கள் வரிசை பிசகாமல் ஓரிடத்தில் குவிந்திருக்கும். ஃபெல்ட்வெல், ஹெம்ஸ்வெல், டிரிஃபீல்டு மூன்றிலும் பெரிய ‘சி’ வகைக் கொட்டகைகள் வளைவாக நிற்கும். நம் படத்தில் அப்படிப்பட்ட குடியிருப்பு எதுவும் இல்லை; சிதறிய தடங்கள் மட்டுமே காட்டின் விளிம்பில் தெரிந்தன.

கார்னபியைக் கழிக்க ஒரு பார்வை போதும். சேதமடைந்து திரும்பும் விமானங்கள் அவசரமாக இறங்குவதற்கென்று 3,000 கெஜம் நீளமும் 250 கெஜம் அகலமும் கொண்ட ஒற்றை ஓடுதளம் அங்கே போடப்பட்டது. கைஸ்டரும் கோல்பி கிரேஞ்சும் புல்தரைத் தளங்கள். பிரெய்ட்டனில் தோரோடு பிளட்ஹவுண்டும் இருந்தது. நம் படத்தில் அதன் மேடைக் கூட்டம் இல்லை. எஞ்சியவை பன்னிரண்டு.

இதற்கு மேல் கழிக்க அளவுகள் வேண்டும். அளவெடுக்க முதலில் படத்தின் அளவுகோல் தெரிய வேண்டும். தகவல் பட்டை இருந்திருந்தால் குவியத் தொலைவைப் பறந்த உயரத்தால் வகுத்து விடை கண்டிருக்கலாம். அது இல்லாதபோது, உண்மை அளவு தெரிந்த ஒரு பொருளைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். நின்றிருந்த ஒரே கொட்டகையின் மேல் கவனம் திரும்பியது அதனால்தான்.

கொட்டகையின் கூரை

போர்க்காலத்தில் மிக அதிகமாகக் கட்டப்பட்ட டி2 வகைக் கொட்டகையின் கூரை நடுவில் மேடிட்டு இரு பக்கமும் சரிவது. சூரியன் ஒரு பக்கம் இருக்கும்போது ஒரு சரிவு வெளுத்தும் மறு சரிவு கறுத்தும் தெரியும். இரண்டுக்கும் நடுவே கூர்மையான கோடு ஓடும். நம் படத்துக் கூரையில் அந்தக் கோடு இல்லை. வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் படிப்படியாக மங்கியது. அதாவது கூரை வளைவானது. நீள அகல விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. 300 அடி நீளமும் 150 அடி அகலமும் வளைந்த எஃகுத் தகட்டுக் கூரையும் கொண்ட ‘ஜே’ வகைக் கொட்டகைக்கு இவை பொருந்துகின்றன.

பொருந்துகின்றன என்பதோடு நிறுத்திவிட்டால், ஊகத்தின் மேல் ஊகத்தை அடுக்குவதாகிவிடும். கொட்டகை ‘ஜே’ வகைதான் என்று வைத்துக்கொண்டு அளவுகோலைக் கணித்து, அந்த அளவுகோலால் ஓடுதளத்தை அளந்து, அந்த அளவால் தளத்தைக் கண்டுபிடித்தோம் என்றால், முதற்கல் ஆடினால் எல்லாமே ஆடும். எனவே ஒரு தனிச் சோதனை தேவைப்பட்டது. அது எளிதாகவே கிடைத்தது. போர்க்கால ஓடுதளத்தின் அகலம் 50 கெஜம், அதாவது 150 அடி. ‘ஜே’ வகைக் கொட்டகையின் அகலமும் 150 அடி. ஆகவே, படத்தின் அளவுகோல் எதுவாயினும், கொட்டகையின் அகலமும் ஓடுதளத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது ஒன்றாகவே இருந்தன. கூரை போன கட்டடங்களில் இரண்டின் தரை டி2 கொட்டகையின் 115 அடி அகலத்தோடு ஒத்துப்போனது இதற்கு மேலும் வலுச்சேர்த்தது.

இந்த அளவுகோலை வைத்து அளந்தால் முதன்மை ஓடுதளம் கொட்டகையின் நீளத்தைப் போல் 19 மடங்குக்கும் சற்று அதிகம்; 2,000 கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. துணை ஓடுதளங்கள் இரண்டும் 1,300 கெஜத்தைக்கூட எட்டவில்லை. அளவுகோலையே நம்பாதவர்கள் விகிதத்தைப் பார்க்கலாம்: ஏ வகுப்புத் தளத்தின் துணை ஓடுதளம் தன் அகலத்தைப் போல் 28 மடங்கு நீளமிருக்கும், இங்கே அது தெளிவாகக் குறைவு.

தரத்திலிருந்து விலகிய பகுதி இதுதான். துணை ஓடுதளங்கள் தரத்தை எட்டாதிருக்க, முதன்மை ஓடுதளம் மட்டும் ஏறத்தாழ எட்டியிருப்பது, 1942க்கு முன் கட்டப்பட்ட ஒரு தளத்தைப் பிறகு வந்த கனமான விமானங்களுக்காக நீட்டியதன் அடையாளம். அந்த நீட்டிப்புக்குப் படத்தில் வேறு சான்றும் இருந்தது: முதன்மை ஓடுதளத்தின் ஒரு முனைப் பகுதியில் கான்கிரீட்டின் நிறம் மாறியது; சுற்றுப்பாதை அந்த இடத்தில் இயல்பான வளைவை விட்டு வெளியே புடைத்துக்கொண்டு போயிற்று. நிறுத்துதளங்களும் இதையே சொன்னன. வட்டமான தளத்துக்கு ஒற்றைக் கைப்பிடி வைத்த வாணலி போன்ற முந்திய வகையும், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வளையமாக அமைந்த பிந்திய வகையும் இந்தத் தளத்தில் கலந்து கிடந்தன. ஒரே மூச்சில் கட்டிய தளத்தில் பெரும்பாலும் ஒரே வகைதான் இருக்கும்.

ஹாரிங்டன் என்ற பெயர் இந்த இடத்தில் வீழ்கிறது. அது 1943இல் அமெரிக்கப் படையின் பொறியியல் பிரிவுகள் ஏ வகுப்புத் தரத்துக்கே கட்டிய தளம்; கொட்டகைகள் டி2 வகை. தொடக்கத்திலிருந்தே முழு நீளத்தில் போடப்பட்ட ஓடுதளங்களில் நீட்டிப்புக்கு என்ன வேலை? 1944இல் திறக்கப்பட்ட நார்த் பிக்கன்ஹாம், ஷெப்பர்ட்ஸ் குரோவ், ஃபுல் சட்டன் ஆகியவற்றுக்கும் இதே தடை பொருந்தும். மறுபுறம், அந்தப் பன்னிரண்டில் 1941இலேயே மூன்று ஓடுதளங்களோடு இயங்கத் தொடங்கி, ‘ஜே’ வகைக் கொட்டகையும் கொண்டிருந்தது போல்புரூக். ஹாரிங்டன் இருக்கும் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்திலேயே அதுவும் இருக்கிறது. இரண்டும் நார்த் லஃபன்ஹாமின் கீழ் இயங்கிய துணை நிலையங்கள் என்பதால், பெயர் மாறி எழுதப்பட்டதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல.

பொருந்தாமல் போன பொருத்தம்

ஆனால் ஒரு சிக்கல். படத்தை வைத்திருந்தவர் போல்புரூக்கை ஏற்கெனவே பரிசீலித்து, ஒதுக்கியும் இருந்தார். ஓடுதளங்கள் வெட்டும் கோணங்கள் சரியாக இருந்தும், கொட்டகை வர வேண்டிய பக்கத்தில் வராமல் எதிர்ப்பக்கத்தில் வந்தது, காடும் அப்படியே. படத்தை எத்தனை பாகை திருப்பினாலும் வரைபடத்தோடு இசையவில்லை.

ஒரு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பொருந்தாமல், கோணங்கள் மட்டும் பொருந்துகிறது என்றால், அது இட வலம் மாறிய அச்சாக இருக்கலாம். எதிர்மறைப் படச்சுருளைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் இப்படி நேரும். பழைய அச்சுகளில் இது அபூர்வமன்று. கோணங்களின் அளவு கண்ணாடிப் பிம்பத்திலும் மாறாது, அவற்றின் வரிசை மட்டும் மாறும்.

இதை நிழல் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டாது. அதற்கான காரணம் கவனிக்கத்தக்கது. அந்த அகலாங்கில் நடுப்பகலை ஒட்டி எடுக்கும் எந்தப் படத்திலும் நிழல்கள் வடக்கு நோக்கியே விழும். காலையில் வடமேற்காகவும் மாலையில் வடகிழக்காகவும் சற்றுச் சாயும். வடக்கு மேலிருக்கும்படி வைத்த படம் இட வலம் மாறினால் வடமேற்கு வடகிழக்காக மாறும்; அவ்வளவுதான். முற்பகல் படம் பிற்பகல் படமாகத் தோன்றுமே தவிர, இயற்கைக்கு மாறான எதுவும் தெரியாது. எழுத்தோ எண்ணோ இருந்தால் உடனே வெளிப்படும். பயன்பாட்டில் இருக்கும் தளமென்றால் ஓடுதள முனையில் எண் இருந்திருக்கும். கைவிடப்பட்ட தளத்தில் அது அழிந்துவிடும்.

ஆகவே ஓடுதளங்கள், சுற்றுப்பாதை, கொட்டகை, காட்டின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, தாளைப் புரட்டி வைத்துப் பார்த்தோம். ஒப்பிட எடுத்தது போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படை நாடு முழுவதையும் எடுத்த செங்குத்து வான்படங்களை. புரட்டிய தாள் போல்புரூக்கின் மேல் படிந்தது. நீட்டிய முனையில் இருந்த புடைப்பு உட்பட. எஞ்சிய பதினொரு தளங்களையும் இரு புறமாகவும் வைத்துப் பார்த்த பிறகே இந்த முடிவை ஏற்றுக்கொண்டேன். முதலில் பொருந்தியதோடு தேடலை நிறுத்துவதுதான் இந்தத் துறையில் அதிகமாகக் காணப்படும் குறை.

காட்டின் விளிம்பு

ஓடுதளங்கள் பொருந்தினாலும், மனிதர் வகுத்த திட்டத்துக்கு வெளியே உள்ள ஏதாவது ஒன்றும் பொருந்தினால்தான் அடையாளம் உறுதிப்படும். இந்தப் படத்தில் அது காடு. போல்புரூக் தளம் ரோத்சைல்டு குடும்பத்தின் ஆஷ்டன் வோல்டு பண்ணை நிலத்தில் அமைக்கப்பட்டது. அந்த நிலத்தை உருவாக்கிய சார்ல்ஸ் ரோத்சைல்டு ஒரு பூச்சியியல் அறிஞர்; 1912இல் இயற்கைக் காப்பிடங்களுக்கான சங்கத்தைப் பிரிட்டனில் தொடங்கியவர். அவருடைய மகளும் உயிரியலாளருமான மிரியம் ரோத்சைல்டு பிற்காலத்தில் அங்கேயே வாழ்ந்தார். மரத்துக்காக வெட்டித் தீர்க்கப்படாமல், உழவுக்காகச் சுருக்கப்படாமல் அந்தக் காடு நீடித்ததற்குக் காரணம் இந்தப் பராமரிப்பு. அதன் பயனாக, விமானத்தளம் வருவதற்கு முந்திய நில அளவை வரைபடத்தில் உள்ள காட்டின் விளிம்பையும் படத்தில் உள்ள விளிம்பையும் நேரடியாக ஒப்பிட முடிந்தது. மூலைகளும் உள்வாங்கிய வளைவுகளும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன.

பழைய வரைபடத்தை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் வரை பிரிட்டனின் பொது வரைபடங்களில் இராணுவ விமானத்தளங்கள் காட்டப்படவில்லை. தளம் இருந்த இடம் வெறும் வயலாகவோ வெற்றிடமாகவோ இருக்கும். தேடுபவர் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று தாண்டிப் போய்விடக்கூடும்.

திசையைச் சரிபார்க்கும்போது இன்னொன்றைக் கவனித்தாக வேண்டும். ஆவணங்களில் ஓடுதளத்தின் திசை காந்த வடக்கை வைத்தே குறிக்கப்படும். 1940களில் இங்கிலாந்தின் இந்தப் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 10 பாகை மேற்கே விலகி நின்றது. இன்று அந்த விலகல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வரைபடத்தில் 70 பாகை என்று அளக்கும் ஓடுதளம் அக்கால ஆவணத்தில் 80 பாகை என்று இருக்கும். இதை அறியாமல் சரியான தளத்தைப் பலர் நிராகரித்திருக்கிறார்கள்.

படம் காட்டும் அடுக்குகள்

இப்போது படத்தை மீண்டும் பார்த்தால், அங்கே கிடக்கும் கான்கிரீட்டை வயதுவாரியாகப் பிரிக்கலாம். முதல் அடுக்கு 1941: அந்த ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படையின் 90ஆம் படைப்பிரிவு, ‘பறக்கும் கோட்டை’ எனப்பட்ட அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் (பி-17) முதல் பிரிட்டிஷ் வடிவத்தை இங்கிருந்து ஓட்டியது. அடுத்தது அமெரிக்கர்களின் வருகை. 1942 ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையின் கனரக விமானங்கள் ஐரோப்பாவில் நடத்திய முதல் தாக்குதலில் போல்புரூக்கைத் தலைமையிடமாகக் கொண்ட 97ஆம் குண்டுவீச்சுப் பிரிவின் விமானங்கள் பிரான்சின் ரூவான் நகரின் ரயில் முனையத்தைத் தாக்கின. 1943 முதல் 1945 வரை 351ஆம் குண்டுவீச்சுப் பிரிவு இங்கே தங்கியது. நீட்டிய ஓடுதளமும் வளைய வடிவ நிறுத்துதளங்களும் அந்த விமானங்களின் எடைக்கும் எண்ணிக்கைக்கும் பிறந்தவை. மூன்றாவது அடுக்கு 1959 முதல் 1963 வரை: 130ஆம் படைப்பிரிவின் மூன்று தோர் ஏவுகணைகள். அவற்றின் மேடைகள் பழைய ஓடுதளங்களைப் பொருட்படுத்தாமல் அமைக்கப்பட்டிருப்பது, அதற்குள் இது விமானத்தளமாக இருப்பதை நிறுத்திவிட்டது என்பதைக் காட்டுகிறது. கடைசி அடுக்கு உழவு.

தடுப்புச் சுவர்களைப் படிக்கும்போது ஒரு பார்வைப் பிழைக்கு இடமுண்டு. மனிதக் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எண்ணிக்கொள்ளும். வடக்கு மேலாக வைத்த வான்படத்தில் வெளிச்சம் கீழிருந்து வருவதால், சுவர்கள் பள்ளங்களாகவும் குழிகள் மேடுகளாகவும் தோன்றும். நிழல்கள் பார்ப்பவரை நோக்கி விழும்படி படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் இந்த மயக்கம் தீரும். ஏவுதளத்தின் சுவர்களை முதலில் பதுங்குகுழிகள் என்று சிலர் கருதியது இதனால்தான்.

படத்துக்கான புதிய குறிப்பு இப்படிப் பதிவாயிற்று: ‘போல்புரூக், நார்தாம்ப்டன்ஷயர், இட வலம் மாறிய அச்சு, தோர் ஏவுகணைகள் அகற்றப்பட்ட 1963க்குப் பிறகு, ஓடுதளங்கள் பெயர்க்கப்படுவதற்கு முன்பு எடுக்கப்பட்டது.’ பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. ‘பின்புறத்தில் ஹாரிங்டன் என்று எழுதப்பட்டுள்ளது, ஓடுதள நீளமும் கொட்டகையும் ஒத்துவரவில்லை’ என்ற வரியும் அதே பதிவில் சேர்க்கப்பட்டது. அதே உறையில் இருந்த பிற பிரதிகளும் இட வலம் மாறியவையா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேலை அடுத்து நடக்கிறது.